நீலாம்பாளுக்கு வந்த ஆஃபர்

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. வெங்கிடராமனின் பயம் அந்த நிமிஷத்தில்தான் ஆரம்பித்தது.

மட்டாஞ்சேரியில், அரண்மனைக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர் மெஸ் நடத்தி வந்தார். மத்தியானச் சாப்பாடு மட்டும். எட்டு மேஜை. கல்யாணம் ஆன மறுவாரம் திறந்தது, இருபத்தாறு வருஷம் ஆகிறது. வாசலில் 'வெங்கிடராமன் மெஸ்' என்று தமிழிலும் மலையாளத்திலும் பலகை. நடத்தி வந்தார் என்றால், கவுண்டரில் உட்கார்ந்து வந்தார். காய் வாங்குவது, அரைப்பது, சமைப்பது, தாளிப்பது, கேஸ் சிலிண்டர்காரனைப் போனில் விரட்டுவது எல்லாம் அவர் மனைவி நீலாம்பாள். பரிமாற ஒரு பையன். வருகிறவர்களோடு பேசுவது வெங்கிடராமன். அது லேசான வேலை இல்லை. மிளகுக் குடோன் ஆட்களிடம் மழையைப் பற்றி, வங்கிக்காரர்களிடம் மூட்டுவலியைப் பற்றி, ரசம் ஆறும்வரை பேச வேண்டும். பிடித்த ஆளாக இருந்தால் மோர் புளிக்கும்வரை பேசுவார்.

மாடி அறையில் வாடகைக்கு இருந்தவள் அம்ருதா. பாலக்காட்டுப் பெண், இருபத்தேழு வயது. பெரிய டெக்னாலஜி கம்பெனி ஒன்றில் வேலை. ஆபீஸ் பெங்களூரில், ஆள் மட்டாஞ்சேரியில், லேப்டாப் மடியில். மத்தியானம் கீழே இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

அந்தத் திங்கட்கிழமை, பேச வேறு விஷயம் இல்லாமல், வெங்கிடராமன் அவளிடம் சம்பளம் கேட்டார்.

"வருஷத்துக்கு அறுபத்திரண்டு, மாமா."

"ஆயிரமா?"

"லட்சம்."

வெங்கிடராமன் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "அங்கே என்னதான் பண்றே நீ?"

"கோடு எழுதறேன்."

"கோடு எழுதினா கோடிக்குப் பக்கத்துல குடுப்பாளா? நான் பள்ளிக்கூடத்துல நோட்டு முழுக்கக் கோடு போட்டேன். வாத்தியார் முட்டியிலதான் குடுத்தார்."

அம்ருதா சிரித்தாள். "போன்ல 'அப்புறம் பார்க்கலாம்'னு ஒரு பட்டன் இருக்கு பாருங்கோ. அது எங்கே இருக்கணும், எப்போ தெரியணும்னு பார்க்கறது எங்க டீம். பதினோரு பேர்."

"ஒரு பட்டனுக்குப் பதினோரு பேரா? என் சட்டையில ஏழு பட்டன். அத்தனையும் நீலா ஒருத்திதான் தெச்சுத் தரா."

"அந்த ஒரு பட்டனை நாப்பது கோடி பேர் அமுக்கறா, மாமா. ஆளுக்கு நாலணா வந்தாலும் எவ்வளவு ஆச்சு? மாமி அறுபது பேருக்கு ரசம் வெச்சா அறுபது பேர்தான் சாப்பிடலாம். அறுபத்தொண்ணாவது ஆள் வந்தா மறுபடி அடுப்பைப் பத்த வைக்கணும். நான் ஒரு தடவை எழுதிட்டா உலகத்துக்கே பரிமாறியாச்சு."

"சரி, கம்பெனி சம்பாதிக்கறது. அதை உனக்கு ஏன் தூக்கிக் குடுக்கணும்? பாதி குடுத்தா வேண்டாம்னா சொல்லப்போறே?"

"எதிர்த்த கம்பெனிக்குப் போயிடுவேனே." அம்ருதா பப்படத்தை உடைத்தாள். "உள்விஷயமெல்லாம் என் தலையில இருக்கு. புது ஆளைப் பிடிச்சுப் பழக்க எட்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் யார் பார்க்கறது? வேற எடத்துலேர்ந்து ஆஃபர் வந்திருக்குன்னு சொன்னாப் போதும், உடனே கவுண்டர் ஆஃபர் குடுப்பா."

"கவுண்டர்ல தள்ளுபடியா?"

"தள்ளுபடி இல்லை. அங்கே எவ்வளவு தரான்னு கேட்டுண்டு அதுக்கு மேலே தர்றது. ஆசையா ஒண்ணும் தரதில்லை, பயந்துண்டு தரா. என் சம்பளத்துல பாதி வேலைக்கு, பாதி பயத்துக்கு. கேட்டேளா? அது போதாதுன்னு பங்கு வேற தருவா."

"பங்குன்னா, சாப்பாடா?"

"கம்பெனியில பங்கு. அதையும் உடனே கையில தர மாட்டா. நாலு வருஷம் இருந்தா வருஷத்துக்குக் கால் பங்கு. நடுவுல போனா மிச்சம் போச்சு. ஆளைக் கட்டிப்போடத்தான்."

கரண்டிச் சத்தம் நின்றது இங்கேதான்.

நீலாம்பாள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் வெளியே வந்து வெங்கிடராமன் பார்த்ததில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"கொழந்தே, அந்த எதிர்த்த கம்பெனி விஷயத்தை இன்னொரு தரம் சொல்லு."

அம்ருதா சொன்னாள். நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

நாலு மணிக்குச் சாயா கொண்டுவந்து வைத்தபோது நீலாம்பாள் கேட்டாள். "ஏண்ணா, நான் இல்லேன்னா இந்த மெஸ்ஸை நடத்த எத்தனை பேர் வேணும்?"

"எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதான்."

இருபத்தாறு வருஷத்தில் அவள் எதையும் சும்மா கேட்டதில்லை. வெங்கிடராமன் சாயாவை வைத்துவிட்டு எழுந்து போய் வாசல் கதவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் மாடிப்படிக்கு அடியில் நின்றுகொண்டு முத்துவேலுக்குப் போன் செய்தார். முத்துவேல் தேனிக்காரர். எர்ணாகுளத்து ஹோட்டல்களில் சமையல் மாஸ்டர். யாரோ கொடுத்த நம்பர்.

"அறுபது சாப்பாடா சார்? மாஸ்டர் நான். எனக்குக் கையாள் ஒருத்தன். தேங்காய் துருவ, மாவரைக்க இன்னொருத்தன். பாத்திரத்துக்கு ஒரு அக்கா. சந்தைக்குப் போறது நம்ம வேலை இல்ல, அதுக்கு நீங்க ஆள் வெச்சுக்கங்க."

"இத்தனையும் ஒரே ஆள் பண்ணினா?"

அந்தப் பக்கம் முத்துவேல் யாரையோ அடுப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனுக்குத் திரும்பினார்.

"அப்படி ஒரு ஆள் இருந்தாச் சொல்லுங்க சார்" என்றார் முத்துவேல் மெதுவாக. "எங்க முதலாளிகிட்டச் சேத்துவிடறேன். என்ன கேட்டாலும் குடுப்பாரு."

வெங்கிடராமன் போனை வைத்தார். அது திரும்ப அடித்துவிடுமோ என்று அணைத்தும் வைத்தார்.

போகிற ஆள் போவதற்கு முன்னால், தெரிந்ததையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்வது அம்ருதாவின் கம்பெனியில் வழக்கமாம். அதையும் அவளிடமே நைசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். புதன்கிழமை ஒரு புது நோட்டோடு அடுக்களையில் போய் உட்கார்ந்தார்.

"என்ன இது?" என்றாள் நீலாம்பாள்.

"உன் சமையலை எழுதி வைக்கலாம்னு. நாலு பேர் தெரிஞ்சுக்கட்டுமே. ரசத்துக்கு மிளகு எவ்வளவு?"

"வேணுங்கற அளவு."

"வேணுங்கற அளவுன்னா?"

"மழைன்னா கொஞ்சம் கூட."

"புளி?"

"புளியைப் பார்த்தாத் தெரியும்."

"எப்போ இறக்கணும்?"

"அதுவே சொல்லும்."

அத்தனையும் எழுதிக்கொண்டார். வியாழக்கிழமை அவள் குளிக்கப் போன சமயம், சின்னப் பாத்திரத்தில் புளியைக் கரைத்து அடுப்பில் ஏற்றினார். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். புளியைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மிளகை வேண்டுகிற அளவு போட்டார். யாருக்கு வேண்டுகிற அளவு என்பது நோட்டில் இல்லை. பிறகு பாத்திரத்துக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய், அது சொல்வதற்காகக் காத்திருந்தார். அது ஒன்றும் சொல்லவில்லை. பொங்கி அடுப்பை அணைத்தது.

உள்விஷயமெல்லாம் அவள் தலையில் இருக்கிறது. அம்ருதா சொன்னது இதைத்தான். வெங்கிடராமன் நோட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நீலாம்பாள் அரக்குப் பட்டுப் புடவையில் வந்து நின்றாள். அது கல்யாணத்துக்குப் போகிற புடவை. அன்றைக்கு யாருக்கும் கல்யாணம் இல்லை.

"எர்ணாகுளம் வரைக்கும் போயிட்டு வரேன். மொளகூட்டல், கறி, பாயசம் எல்லாம் ஆயாச்சு. சாதத்துக்கும் ரசத்துக்கும் நான் வந்துடுவேன்."

"என்ன திடீர்னு?"

"ஒரு வேலை விஷயமா."

வேலை. அவருக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அவள் தெருமுனை திரும்பியதும் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினார்.

வாட்டர் மெட்ரோ படகில் அவள் முன்வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இவர் கடைசி வரிசையில், சுற்றுலா வந்த ஒரு பெரிய குடும்பத்துக்குப் பின்னால் ஒளிந்தார். அவள் ஒரு தரம் தலையைத் திருப்பினாள். இவர் படகுக்குள்ளேயே குடையை விரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த சேட்டன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

ஹைகோர்ட் ஜெட்டியில் இறங்கி, காயலோரமாக நடந்து, அவள் ஒரு பெரிய ஹோட்டலுக்குள் நுழைந்தாள். காவலாளி கதவைத் திறந்து சலாம் வைத்தான். வெங்கிடராமன் வெளியே ஒரு தொட்டிச் செடிக்குப் பின்னால் குந்திக்கொண்டு கண்ணாடி வழியே பார்த்தார்.

சோபாவில் அவளுக்கு எதிரே கோட்டுப் போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவரை வெங்கிடராமனுக்குத் தெரியும். ரமேஷ்பாபு. அந்த ஹோட்டலின் சாப்பாட்டு மேனேஜர். ஊர் மதுரைப் பக்கம். மாதம் இரண்டு தரம் மெஸ்ஸுக்கு வந்து மூன்று தரம் ரசம் கேட்டு வாங்கிக் குடிப்பவர். எதிர்த்த கம்பெனி.

பேச்சு காதில் விழவில்லை. கைதான் தெரிந்தது. நீலாம்பாள் ஐந்து விரலைக் காட்டினாள். ரமேஷ்பாபு தலையை ஆட்டி மறுத்தார். அவள் மூன்று விரலைக் காட்டினாள். அதற்கும் மறுத்தார். ஒரு விரல். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் அவள் இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

வெங்கிடராமனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எப்போது வந்து சேர்வது என்று பேசுகிறார்கள். அஞ்சு நாள் தவணை கேட்கிறாள், அவர் விட மாட்டேன் என்கிறார். மூணு நாள். அதுவும் ஆகாது. நாளைக்கு? கும்பிட்டுக் கெஞ்சுகிறார். கடைசியில், சரி, இப்போதே வருகிறேன் என்று கையை விரித்துவிட்டாள்.

மெஸ் போனால் போகட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. நாலு மணிக்கு என்ன செய்வது? அன்று கவுண்டரில் யார் யாரிடம் என்னென்ன பேசினார் என்பதை அவர் தினமும் நாலு மணிக்கு அவளிடம் ஒப்பிப்பார். அவள் நிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். அந்த இடத்தில் அவள் இல்லாமல் கீரைக்கட்டு மட்டும் கிடப்பது போல ஒரு காட்சி வந்தது. செடிக்குப் பின்னாலிருந்து எழுந்தார்.

ஆட்டோ பிடித்து, தோப்பும்படி பாலத்தில் டிரைவரை விரட்டி, அவளுக்கு முன்னால் வீடு சேர்ந்தார். நேரே மாடிக்கு ஏறினார்.

"அம்ருதா, போறதா இருக்கற ஆளை நிறுத்த என்ன குடுக்கணும்?"

"யார் போறா, மாமா?"

"பொதுவாக் கேக்கறேன்."

"சம்பளத்தைக் கூட்டணும். பங்கு குடுக்கணும். நாலு வருஷத்துக்குப் பிரிச்சு."

நாலு வருஷம் என்று கேட்டதும் வெங்கிடராமனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இன்றைக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம். சொன்னால் போதும். முழு மெஸ்ஸையும் தருகிறேன் என்றே சொல்லலாம். கையை விட்டு இன்றைக்கு எதுவும் போகாது, ஆள் மட்டும் நாலு வருஷம் கட்டுப்பட்டுக் கிடப்பாள். தன் புத்தியை நினைத்து அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் நீலாம்பாளைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"நீலா, இனிமே உனக்குச் சம்பளம்."

அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணும் கேக்காதே. எனக்கு எல்லாம் தெரியும். எங்கே போனே, யாரைப் பார்த்தேன்னு தெரியும். உன் மேலே தப்பில்லை. ஆனா போகாதே."

நீலாம்பாள் அவரையே பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போறதும் போகாததும் பின்னே சொல்றேன். நீங்க என்ன தரேள்?"

"மாசம் பத்தாயிரம்."

"ம்."

அந்த 'ம்' போதாது என்று அவர் காதில் விழுந்தது. "பதினஞ்சு."

"ம்."

"இருபது. ஞாயித்துக்கிழமை லீவு. இருபத்தஞ்சு. நீலா, வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன்."

"நீங்கதான் நன்னாச் சொல்லிண்டிருக்கேளே."

"பாத்திரம் தேய்க்க ஆள். இவ்வளவுதான் என்னால முடியும்." இப்போது அவர் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "அதோட பங்கு. வருஷத்துக்குக் கால் பங்கு மெஸ் உன் பேர்ல. நாலு வருஷம் இருந்தியானா முழு மெஸ்ஸும் உனக்கு. நடுவுல போனா மிச்சம் கிடையாது. அம்ருதா கம்பெனியில இப்படித்தான்."

"எழுதித் தருவேளா?"

எழுதினார். ஒரு தரம் கிழித்து மறுபடி எழுதினார். அவள் காகிதத்தை வாங்கி வாசித்தாள்.

"ஏண்ணா, ஒரு வருஷம் வேலை பண்ணினா கால் பங்குன்னு போட்டிருக்கேள்."

"ஆமா."

"நான் இங்கே எத்தனை வருஷமா இருக்கேன்?"

வெங்கிடராமன் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"இருபத்தாறு வருஷம்" என்றாள் அவளே. "வருஷத்துக்குக் கால்னா, ஆறரை மெஸ்."

"நம்மகிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணுதானே, நீலா."

"பரவாயில்லை. அது மதி, அதுவே போதும்." காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "மிச்சம் அஞ்சரையை நான் கேக்க மாட்டேன்."

அடுத்த வாரம் கார்ப்பரேஷன் லைசென்ஸை அவள் பேருக்கு மாற்ற எழுதிக்கொடுத்தார்கள். பலகையில் 'வெங்கிடராமன்' போய் 'நீலாம்பாள்' வந்தது. பாத்திரம் தேய்க்க ஒரு அக்கா வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வெங்கிடராமன் வெந்நீர் வைக்கக் கற்றுக்கொண்டார். இத்தனைக்கும் அவருக்கு வருத்தம் இல்லை. அவள் போகவில்லை. நாலு மணிக்குக் கீரையோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். அந்தத் தைரியத்தில் ஒரு நாள் கேட்டும்விட்டார்.

"இப்போ நான் உன்கிட்ட வேலை பார்க்கறவன். எனக்கும் சம்பளம் வேணுமோல்லியோ?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் அவள்.

அந்த வெள்ளிக்கிழமை ரமேஷ்பாபு சாப்பிட வந்தார். கைகழுவிவிட்டுக் கவுண்டருக்கு வந்தவர், "போர்டெல்லாம் மாறிடுச்சே சார்" என்றார்.

வெங்கிடராமன் நெஞ்சை நிமிர்த்தினார். "ஆமா. உங்க ஆஃபர் இனிமே செல்லாது. அவளை நான் விடறதா இல்லை."

"என்ன ஆஃபர் சார்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்கோ. போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி. கண்ணாடிக்கு வெளியில நான்தான் இருந்தேன்."

"அந்தச் செடிக்குப் பின்னாடி இருந்தது நீங்களா? போலீஸைக் கூப்பிடட்டுமான்னு செக்யூரிட்டி என்கிட்டக் கேட்டான்." ரமேஷ்பாபு சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "அம்மா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா? அவங்க தனக்கு வேலை கேட்டு வரலை சார். உங்களுக்குத்தான் கேட்டு வந்தாங்க."

"எனக்கா?"

"நல்லாப் பேசுவாரு, வாசல்ல எங்கயாவது உக்கார வெச்சுக்கங்கன்னாங்க. மத்தியானம் மெஸ்ஸுல சாப்பிட்டவங்களை நீங்க எந்திரிக்க விட மாட்டேங்கறீங்களாம். மேஜை காலியாகறதில்லையாம். மாசம் அஞ்சாயிரம் குடுங்கன்னாங்க. நான் முடியாதுன்னேன். மூவாயிரம்னாங்க. அப்புறம் ஆயிரம்."

வெங்கிடராமன் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "கடைசியில ரெண்டு கையையும் விரிச்சாளே, அது?"

"சும்மாவே வெச்சுக்கங்கன்னாங்க, சார்." ரமேஷ்பாபு செருப்பை மாட்டிக்கொண்டார். "நான் அதுக்கும் முடியாதுன்னுட்டேன். தப்பா நினைக்காதீங்க."

அவர் தெருவில் இறங்கிப் போகும்வரை வெங்கிடராமன் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுக்களைக்குள் போனார். நீலாம்பாள் ரசத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"ரமேஷ்பாபு போயாச்சா?"

"போயாச்சு."

"சம்பளம் கேட்டேளே அன்னிக்கு" என்றாள் அவள். "எவ்வளவு வேணும்னு சொல்லவே இல்லையே?"

வெங்கிடராமன் ரசப் பாத்திரத்தைப் பார்த்தார்.

"சாப்பாடு மதி" என்றார்.